ட்ரையர் மக்கர் பண்ணினால்: எனக்கு வரும் கேள்விகளும் என் பதில்களும்

நான் எலக்ட்ரீஷியன் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. டொராண்டோ பக்கத்தில் பிராம்ப்டனில் வீடு, பேஸ்மென்ட்டில் வாஷரும் ட்ரையரும். இங்கே வந்த இத்தனை வருஷத்தில் அந்த ட்ரையரை நானே நாலு முறை பிரித்து மாட்டியிருக்கிறேன், அதில் ஒரு முறை மாட்டி முடித்த பிறகு கையில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது, அவை எங்கே இருந்து வந்தன என்று இன்றுவரை தெரியாது. இந்தக் கதை பரவியதிலிருந்து தெரிந்தவர்கள் வீட்டில் ட்ரையர் நின்றால் எனக்குத்தான் போன் வருகிறது. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான் என்பதால் எழுதிவைத்துவிட்டேன்.

இங்கே சொல்வதெல்லாம் கனடா, அமெரிக்க வீடுகளில் இருக்கும் 240 வோல்ட் மின்சார ட்ரையருக்கு, அதாவது ஈரக் காற்றைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும் வகைக்கு. பின்னால் கேஸ் லைன் போயிருந்தால் உங்களுடையது கேஸ் ட்ரையர். லின்ட் (துணியிலிருந்து உதிரும் பஞ்சு), குழாய் சுத்தம் பற்றிச் சொல்வது அதற்கும் பொருந்தும், குழாயைக் கழற்றி ஓட்டிப் பார்க்கும் சோதனை மட்டும் பொருந்தாது, மற்றதில் கை வைக்காதீர்கள், லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

முதலில், இது எப்படித்தான் துணியைக் காயவைக்கிறது?

எல்லோரும் சூடுதான் என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ஊரில் வெயிலே இல்லாவிட்டாலும் காற்றடித்தால் கொடியில் போட்ட துணி சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். அதே துணியை ஜன்னல் சாத்திய அறையில் போட்டால் எவ்வளவு புழுக்கம் இருந்தாலும் காயாது, மறுநாள் ஈரவாடை வேறு. ட்ரையரும் அப்படித்தான். வீட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி, எலிமென்ட் என்கிற சூட்டுக் கம்பிச் சுருள் மேல் ஓடவிட்டுச் சூடாக்கி, சுற்றும் டிரம்முக்குள் இழுத்து, துணியின் ஈரத்தை அதில் ஏற்றி, லின்ட் வலை வழியாக வடிகட்டி, ஒரு விசிறியால் குழாய்க்குள் தள்ளி வெளியே அனுப்புகிறது. ஒரு லோடு துணியிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் இப்படி ஆவியாக வெளியே போகிறது.

இந்தக் காற்றோட்டத்தில் எங்கே அடைத்தாலும் ட்ரையருக்குச் சிக்கல். துணி காயாது, சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளே ஏறும், ஃபியூஸ் போகும், கரண்ட் பில் ஏறும், ரொம்ப மோசமானால் தீப்பிடிக்கும். கீழே நீங்கள் படிக்கப்போகும் பதில்களில் பாதி ஒரே பதில்தான், கேள்விதான் வேறு வேறு.

ஒரு லோடு காய இரண்டு மணி நேரம் ஆகிறது. முன்பு 45 நிமிடம்தான். மெஷின் பழசாகிவிட்டதா?

மெஷினை விடுங்கள், குழாயைப் பாருங்கள்.

ட்ரையரை ஓடவிட்டு வெளியே போய், சுவரில் காற்று வரும் மூடியின் முன் கையை வையுங்கள். மூடியின் மடல் நன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், கையில் பலமாகச் சூடான காற்று அடிக்க வேண்டும். மடல் சோம்பலாகத் துடித்துக்கொண்டிருந்தால் எங்கோ அடைப்பு. அந்த மூடியிலேயே பஞ்சு கட்டியிருக்கலாம், வசந்தகாலமானால் குருவி கூடு கட்டியிருக்கலாம், ஜனவரியில் மடல் பனியில் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். இந்த மூன்றையும் என் வீட்டிலேயே பார்த்தாயிற்று.

அடுத்து ஒரு சோதனை. ட்ரையரை அணைத்து, பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றிவிட்டு, ஈரத் துணியோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பேஸ்மென்ட் கொஞ்சம் புழுங்கும், பஞ்சு பறக்கும், பரவாயில்லை, சோதனைக்குத்தானே, பக்கத்திலேயே நில்லுங்கள். துணி சட்டென்று காய ஆரம்பித்தால் மெஷின் நன்றாக இருக்கிறது, குழாய்தான் அடைத்திருக்கிறது. குழாய் இல்லாமலும் காயவில்லை என்றால்தான் மெஷினுக்குள் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது ட்ரையர் வாங்கி, அதையும் அதே அடைத்த குழாயில் மாட்டி, 'புதுசும் சரியில்லையே' என்று எனக்குப் போன் பண்ணியவர்கள் இரண்டு பேர்.

சில எல்ஜி மாடல்கள் இதைத் தாங்களே சொல்லும். திரையில் டி80, டி90, டி95 என்று வந்தால் குழாய் ஏறக்குறைய அத்தனை சதவீதம் அடைத்திருக்கிறது என்று பொருள். அது மெஷின் கோளாறு இல்லை, புகார்.

இன்னொன்று, வாஷரையும் கொஞ்சம் கவனியுங்கள். கடைசிச் சுழற்சியில் சரியாகப் பிழியாமல் துணி சொட்டச் சொட்ட வந்தால் ட்ரையர் என்ன செய்யும்? துணியை எடுத்து முறுக்கினால் தண்ணீர் விழக் கூடாது.

லின்ட் வலையை எத்தனை நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்?

நாள் கணக்கு இல்லை, லோடு கணக்கு. ஒவ்வொரு லோடுக்கும். போடும் முன்போ எடுத்த பின்போ, உங்கள் பழக்கம் எதுவோ அது. நான் போடும் முன் எடுப்பேன், ஏனென்றால் எடுத்த பின் செய்வோம் என்றால் மடித்துவைக்கும் அவசரத்தில் மறந்துபோகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: பஞ்சை எடுத்த பிறகும் வலை அடைத்திருக்கலாம். வாசனைக்காகப் போடும் ட்ரையர் ஷீட் இருக்கிறதே, அதில் உள்ள மெழுகு போன்ற பொருள் வலையின் கண்களில் மெல்லிசாகப் படிந்துவிடும். பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். குழாயடியில் வலையைப் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் நேராகக் கீழே இறங்கினால் சரி. வலை மேல் குளம் மாதிரி நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கிறது. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்த்துக் காயவைத்து மாட்டுங்கள். மாதம் ஒரு தடவை போதும். வலை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பஞ்சு முழுவதும் விசிறிக்கும் குழாய்க்கும் போய்விடும்.

வலை மாட்டும் பள்ளத்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள். நீள பிரஷ் கடையில் கிடைக்கும். எங்கள் வீட்டில் அதற்குள்ளிருந்து ஒரு முறை இரண்டு ஹேர்பின், ஒரு ஊக்கு, ஐந்து சென்ட் காசு, பையனின் குட்டி சாக்ஸ் எல்லாம் வந்தன.

வென்ட் குழாய் எப்படி இருக்க வேண்டும்?

நாலு அங்குல விட்டம், வழவழப்பான உலோகக் குழாய், முடிந்தவரை குட்டையாக, முடிந்தவரை நேராக. அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் மொத்த நீளம் 35 அடி என்று இருக்கிறது, அதிலும் ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 5 அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று வளைவு இருந்தால் 20 அடிதான் மிச்சம். உங்கள் மெஷின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

வெள்ளை பிளாஸ்டிக் குழாயோ, சாக்லேட் தாள் மாதிரி கசங்கும் ஃபாயில் குழாயோ உங்கள் ட்ரையருக்குப் பின்னால் இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அவற்றின் மடிப்புகளில் பஞ்சு தங்கும், ட்ரையரைச் சுவரோடு தள்ளினால் நசுங்கும், பிளாஸ்டிக் என்றால் எரியும். குழாய்களை இணைக்கும்போது உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ போடாதீர்கள், அதன் முனையில் பஞ்சு சிக்கி நாளாக நாளாகக் கூடு மாதிரி வளரும். உலோக டேப் ஒட்டினால் போதும். டக்ட் டேப் என்று பேர் வைத்திருக்கும் சாம்பல் நிறத் துணி டேப் இந்தச் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும், பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெளி மூடியில் எலி வருமே என்று கம்பி வலை அடிக்கிறார்கள், அதுவும் கூடாது, ஒரே மாதத்தில் பஞ்சு சுவர் எழும்பிவிடும்.

வருஷத்துக்கு ஒரு முறை குழாயை முழுதாகச் சுத்தம் செய்யுங்கள். கம்பியோடு வரும் சுழல் பிரஷ்ஷை டிரில்லில் மாட்டி நீங்களே செய்யலாம். ஒன்றே ஒன்று, டிரில்லை எப்போதும் முன்பக்கமாகவே சுற்றவிடுங்கள், திருப்பிச் சுற்றினால் கம்பி மரை கழன்று பிரஷ் குழாயின் நடுவில் நின்றுகொள்ளும். கேட்காதீர்கள், அனுபவம்தான்.

காண்டோவில், அதாவது அடுக்குமாடி வீட்டில், இருப்பவர்களுக்கு: டொராண்டோ காண்டோக்கள் பலவற்றில் ட்ரையருக்கு மேலே கூரையிலோ சுவரிலோ இரண்டாவது லின்ட் பெட்டி ஒன்று இருக்கும், சிலவற்றில் காற்றைத் தள்ள ஒரு துணை விசிறியும் இருக்கும். அந்தப் பெட்டியைப் பற்றி ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாற்காலி போட்டு ஏறித் திறந்து பாருங்கள். நண்பர் ஒருவர் ஆறு வருஷம் கழித்துத் திறந்தார், தலையணை ஒன்றுக்குப் போதுமான பஞ்சு.

டிரம் சுற்றுகிறது, காற்று வருகிறது, ஆனால் சூடே இல்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இது, வரிசையாகப் பாருங்கள்.

முதலில், 'ஏர்' அல்லது 'ஃப்ளஃப்' என்று சூடில்லாத அமைப்பில் யாராவது திருப்பி வைத்திருக்கிறார்களா? சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

அப்புறம் பிரேக்கர். இந்த ட்ரையருக்கு 120 வோல்ட் கம்பி இரண்டு வருகிறது. இரண்டும் சேர்ந்த 240 எலிமென்ட்டுக்கு. மோட்டாரோ பெரும்பாலான மாடல்களில் ஒரு கம்பியையும் நியூட்ரலையும் வைத்து 120 வோல்ட்டிலேயே ஓடிவிடும். அதனால் இரண்டில் ஒரு கம்பி செத்தால் டிரம் ஜாலியாகச் சுற்றும், விளக்கு எரியும், சூடு மட்டும் இருக்காது. பேனலில் ட்ரையருக்கான 30 ஆம்ப் இரட்டை பிரேக்கரை முழுசாக ஆஃப் பக்கம் தள்ளி, பிறகு ஆன் செய்யுங்கள். பார்க்க ஆனில் இருப்பது போலவே தெரியும், நம்பாதீர்கள். ஒரு முறை இப்படிச் செய்து சரியாகிவிட்டால் நல்லது, திரும்பத் திரும்ப விழுந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

பிரேக்கர் சரி என்றால் ட்ரையரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே போக வேண்டும். பிளக்கைப் பிடுங்குவது என்றால் பிடுங்குவதுதான், பட்டனை அணைப்பது இல்லை. 240 வோல்ட் இரண்டாவது வாய்ப்புத் தராது. கையுறை போடுங்கள், தகர விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும். வோல்ட், ஓம் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பார்க்க வேண்டியவை சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ், அதே மாதிரி சூட்டுப் பெட்டி மேல் இருந்து கரண்டை வெட்டும் கட்-ஆஃப், எலிமென்ட். முதல் இரண்டின் கம்பியைக் கழற்றி அளந்தால் பூஜ்யம் ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் போய்விட்டது. எலிமென்ட் பெரும்பாலும் 10 ஓம் சொச்சம் காட்டும். 240-ஐ 10-ஆல் வகுத்தால் 24 ஆம்ப், அந்த 24-ஐ 240-ஆல் பெருக்கினால் 5,760 வாட், ஐந்தாறு மைக்ரோவேவ் ஒன்றாக ஓடுவது மாதிரி. அறுந்த எலிமென்ட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம், சுருள் ஓரிடத்தில் விட்டிருக்கும்.

பாகம் வாங்கும்போது மாடல் எண் வேண்டும். கதவைத் திறந்தால் விளிம்பில் ஸ்டிக்கர் இருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெர்மல் ஃபியூஸ் மாற்றினேன். இரண்டே வாரத்தில் மறுபடி போய்விட்டது. மட்டமான பாகமா?

பாகத்தைத் திட்டாதீர்கள். அந்த ஃபியூஸ் ஒரே ஒரு வேலைக்காகத்தான் இருக்கிறது. வெளியேறும் காற்று அளவுக்கு மேல் சூடானால் தன்னைத்தானே அறுத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றுவது. ஒரு முறை போனால் போனதுதான், பட்டன் அமுக்கித் திரும்பக் கொண்டுவர முடியாது. விசிறிப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் பல மாடல்களில் 91 டிகிரி செல்சியஸ் வாக்கில் போகும். சாதாரணமாக ஓடும் ட்ரையர் அந்தச் சூட்டைத் தொடாது. தொட்டது என்றால் காற்று போகவில்லை.

முதல் தடவை எனக்கும் இதுதான் நடந்தது. வந்த டெக்னீஷியன் ஃபியூஸை மாற்றிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார், குழாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாளில் மறுபடி. இரண்டாம் தடவை நானே குழாயைக் கழற்றினேன், முழங்கை வளைவில் நசுங்கி, உள்ளே ஈரப் பஞ்சு களிமண் மாதிரி அப்பியிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு மாட்டிய ஃபியூஸ் இன்னும் ஓடுகிறது.

குழாய் சுத்தமாக இருந்தும் ஃபியூஸ் போகிறதா? அப்போது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம், அல்லது எலிமென்ட் சுருள் அறுந்து பெட்டியின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இப்படித் தொட்டால் சூடில்லாத அமைப்பில் வைத்தாலும் சூடு வந்துகொண்டே இருக்கும். அதுவே அடையாளம். ஓட்டாதீர்கள்.

சிலர் ஃபியூஸைத் தாண்டிக் கம்பியை நேராக முறுக்கிவிடுகிறார்கள், வீடியோவில்கூட அப்படிக் காட்டுகிறார்கள். நாய் குரைக்கிறது என்று நாயை அடித்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்துத் தூங்குகிற மாதிரி.

பட்டனை அமுக்கினால் ஒன்றுமே ஆகவில்லை.

பிளக், பிரேக்கர், கதவு, இந்த வரிசையில். கதவை மூடும்போது 'டிக்' என்று சின்னச் சத்தம் வர வேண்டும், அது கதவு சுவிட்ச். வராவிட்டால் சுவிட்ச் போயிருக்கலாம், அல்லது கதவில் அதைத் தள்ளும் குச்சி உடைந்திருக்கலாம். குழந்தை இருக்கும் வீட்டில் 'சைல்ட் லாக்' போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாடல்களில் தெர்மல் ஃபியூஸ் போனால் சூடு மட்டும் போகாமல் மோட்டாரே எழும்பாது. சிலவற்றில் பெல்ட் அறுந்தாலும் ஒரு சுவிட்ச் மோட்டாரை ஓடவிடாது.

ஒன்றுமே இல்லாமல் இருப்பது வேறு, 'உம்ம்ம்' என்று முனகி நிற்பது வேறு. முனகினால் மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது, சுற்ற முடியவில்லை. விசிறியில் சாக்ஸோ காசோ மாட்டியிருக்கலாம், மோட்டாரே போயிருக்கலாம். முனகவிட்டுக்கொண்டே இருந்தால் மோட்டார் கருகும், உடனே அணையுங்கள்.

சத்தம்! பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது.

என்ன சத்தம் என்று கேட்டால் போனிலேயே நடித்துக் காட்டுகிறார்கள், ரொம்ப உதவியாக இருக்கும். 'டொக் டொக் டொக்' என்று சீராகத் தட்டினால் டிரம்மைத் தாங்கும் உருளைகள் தேய்ந்திருக்கும். ரொம்ப நாள் ஓடாமல் இருந்த ட்ரையரில் உருளை ஒரு பக்கம் தட்டையாகி இப்படித் தட்டும், சில நிமிடத்தில் நின்றுவிட்டால் விட்டுவிடலாம். 'கீச்ச்' என்று ஊளையிட்டால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கப்பி. உலோகம் உரசும் சத்தம் என்றால் டிரம்மின் ஓரத்தில் இருக்கும் கம்பளப் பட்டையோ பிளாஸ்டிக் தாங்கிகளோ தேய்ந்து தகரமும் தகரமும் உரசுகின்றன, தள்ளிப்போடாதீர்கள். கலகலவென்று இருந்தால் காசு, சட்டை பட்டன், ரவிக்கை ஊக்கு.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, டிரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கிறது. கதவைத் திறந்து டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள், கொஞ்சமும் தடையில்லாமல் சுழன்றால் உறுதி. பெல்ட் மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அறுந்த பெல்ட்டை எடுப்பதற்கு முன் கப்பிக்குள் எப்படி வளைந்து போகிறது என்று படம் எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் என்னைப்போல் ஒரு மணி நேரம் முழிப்பீர்கள். அதைத் திறந்தபோதே உருளையையும் கப்பியையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது, இரண்டாவது முறை பிரிக்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. கீச்சிடுகிறது என்று டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பஞ்சு ஒட்டும், எரியும்.

நாலு காலும் சமமாகத் தரையில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

சென்சார் ட்ரையில் போட்டால் ஈரமாக இருக்கும்போதே 'முடிந்தது' என்கிறது.

டிரம்முக்குள், பெரும்பாலும் லின்ட் வலைக்குப் பக்கத்தில், இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத் துணி அவற்றின் மேல் படும்போது மெல்லிய மின்சாரம் பாய்கிறது, அதை வைத்து ஈரமா காய்ந்ததா என்று மெஷின் கண்டுபிடிக்கிறது. ட்ரையர் ஷீட் மெழுகு அதில் படிந்தால் துணி தொடுவதே அதற்குத் தெரியாது, காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். ஒரு துண்டுத் துணியில் கொஞ்சம் ரப்பிங் ஆல்கஹாலோ வினிகரோ தொட்டு அந்தப் பட்டைகளைத் துடையுங்கள். ஆல்கஹால் என்றால் நன்றாக ஆறிப் பறந்த பிறகு ஓட்டுங்கள்.

இரண்டு சட்டை மட்டும் போட்டாலும் இப்படி ஆகும், துணி பட்டையில் படவே படாது. அப்போது நிமிடக் கணக்கில் வையுங்கள். ஜீன்ஸையும் மெல்லிய குர்தாவையும் ஒன்றாகப் போட்டாலும் இதே கதை. பெட்ஷீட் உருண்டையாகச் சுருண்டு நடுவில் தலையணை உறையை விழுங்கிவைத்திருக்கும், பாதியில் நிறுத்தி உதறிப் போடுவதைத் தவிர வேறு வழி நான் கண்டுபிடிக்கவில்லை.

எண்ணெய்க் குளியல் துண்டு, சமையலறைத் துணி எல்லாம் ட்ரையரில் போடலாமா?

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள், இங்கே எழுதியதில் எனக்கு முக்கியமானது இதுதான். நம் வீடுகளுக்கென்றே உள்ள ஆபத்து இது, ஆங்கிலக் கையேட்டில் 'சமையல் எண்ணெய் பட்ட துணியைப் போடாதீர்கள்' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள், யாரும் அதைத் தன் வீட்டுத் தீபாவளித் துண்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கடலை எண்ணெய் மாதிரி எண்ணெய்கள் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேரும்போது தாமே சூட்டை வெளியிடும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், தெரியவே தெரியாது. சுடச்சுட ட்ரையரிலிருந்து எடுத்துக் கூடையில் குவியலாக அமுக்கிவைத்தால் சூடு போக வழியில்லை, நடுவில் ஏறிக்கொண்டே போகும், சில மணி நேரம் கழித்து யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். சோப்புப் போட்டுத் துவைத்தாலும் துண்டில் எண்ணெய் முழுதாகப் போவதில்லை, முகர்ந்து பார்த்தாலே தெரியும். தேங்காய் எண்ணெய் இந்த விஷயத்தில் சாது, ஆனால் அது என்று நினைத்து வேறொன்றைப் போட்டுவிட வேண்டாம்.

எங்கள் வீட்டு ஏற்பாடு: எண்ணெய்க் குளியலுக்கு இரண்டு பழைய துண்டு தனி, அவை ட்ரையர் பக்கமே போகாது, பேஸ்மென்ட் கொடியில்தான் காயும். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா 'எண்ணெய்த் துவாய்' என்று பெயர் எழுதி ஒரு வாளியே வைத்திருக்கிறார். தோசைக்கல் துடைக்கும் துணியும் அப்படியே. தவறிப்போய்ப் போட்டுவிட்டால், கடைசியில் சூடில்லாமல் சுற்றும் ஆறும் நேரம் இருக்கிறதே, அது முடியும்வரை விட்டு, உடனே எடுத்து விரித்துப் போடுங்கள். நடுவில் நிறுத்திவிட்டு அப்படியே உள்ளே விட்டுப் போகாதீர்கள்.

வேறு எதெல்லாம் போடக் கூடாது?

பட்டுப் புடவை என்று சொல்லவே வேண்டியதில்லை. ஜரிகை உள்ள எதுவும் வேண்டாம். பருத்தி வேட்டி சுருங்கும், சுடிதார் துப்பட்டா கதவு இடுக்கில் மாட்டிக் கிழியும், பாவாடை நாடா மற்ற துணிகளைச் சுற்றிக் கயிறு திரிக்கும், போடுவதற்கு முன் நாடாவை முடிந்துவிடுங்கள். ரப்பர் அடி உள்ள கால்மிதி, ஃபோம் தலையணை, பெட்ரோலோ தின்னரோ பட்ட துணி, இவை தீ சம்பந்தப்பட்டவை.

மஞ்சள் கறை இருக்கும் துணியையும் போடாதீர்கள். சாம்பார்க் கறை ட்ரையர் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தைத் தாங்காது. கோடையில் பின்கட்டுத் திண்ணையில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

இரவில்தான் கரண்ட் மலிவு. தூங்கப் போகும்போது போட்டுவிடலாமா?

ஒன்டாரியோவில் ஹைட்ரோ பில்லை, அதாவது கரண்ட் பில்லை, பார்த்தவர்கள் எல்லோரும் கேட்பது. நேரக் கணக்குத் திட்டத்தில் வார நாட்களில் இரவு 7 மணிக்கு மேல் மலிவு, சனி ஞாயிறு முழுக்க மலிவு. 2023-இல் வந்த இன்னொரு திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை அதைவிட மலிவு. அந்த நேரம்தான் எல்லோரும் தூங்கும் நேரம்.

போடாதீர்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை உள்ள கணக்கை வைத்துச் சொன்னது, அங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 2,900 ட்ரையர் தீ விபத்துகள். முதல் காரணம் சுத்தம் செய்யாதது, 34 சதவீதம். ஜனவரியில்தான் அதிகம். வாஷரை வேண்டுமானால் இரவில் ஓட்டுங்கள், ட்ரையரை ஏழு மணிக்குப் போட்டால் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆகிவிடும். வீட்டில் யாரும் இல்லாதபோதும் ஓட்டாதீர்கள். பேஸ்மென்ட்டில் புகை அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள், திறந்தால் காற்று கிடைத்து வளரும். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 911.

தீய்ந்த வாடை வருகிறது, ஆனால் நன்றாகத்தான் ஓடுகிறது.

நன்றாக ஓடவில்லை. நிறுத்துங்கள். பஞ்சு எலிமென்ட் பக்கம் போயிருக்கலாம், பெல்ட் வழுக்கி ரப்பர் தேயலாம், பிளக்கின் முனை கருகியிருக்கலாம். பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், பழுப்பாகவோ உருகியோ இருந்தால் சுவர்ப் பாயின்ட்டையும் மாற்ற வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை.

குளிர்காலத்தில் அந்தச் சூடான காற்றை வீட்டுக்குள்ளேயே விட்டால் ஹீட்டிங் மிச்சமாகுமே?

நல்ல மூளை, ஆனால் வேண்டாம். சூட்டோடு அந்த இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரும் வீட்டுக்குள் வரும். ஜன்னலில் வழியும், சுவரில் பூஞ்சை பிடிக்கும், பஞ்சு மூக்கில் ஏறும். காற்றை வெளியே தள்ளாத ட்ரையர்தான் வேண்டுமென்றால் ஹீட் பம்ப் ட்ரையர் என்று தனி வகை இருக்கிறது, குழாயே தேவையில்லை, கரண்டும் குறைவு, நேரம் மட்டும் கூடுதல் ஆகும்.

பழைய வீட்டில் சுவரில் மூன்று துளை, புது ட்ரையரின் பிளக்கில் நாலு பின். வெட்டி மாட்டலாமா?

வெட்ட வேண்டாம். அமெரிக்காவில் 1996 விதிக்குப் பிறகு போட்ட பாயின்ட் நாலு துளையோடு இருக்கும், அதற்கு முந்தையது மூன்று. நாலாவது எர்த் கம்பி, தகரத்தில் ஷாக் அடிக்காமல் காப்பது. நியூட்ரலும் எர்த்தும் உள்ளே எங்கே இணைகிறது என்பது மூன்று பின்னுக்கும் நாலு பின்னுக்கும் வேறு, அதைத் தப்பாக விட்டால் ட்ரையரின் உடம்பு முழுக்கக் கரண்ட் வரலாம். பாயின்ட்டையே மாற்றச் சொல்லுங்கள்.

ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா?

ஃபியூஸ், பெல்ட், உருளை, எலிமென்ட், கதவு சுவிட்ச் என்றால் யோசிக்காமல் ரிப்பேர். பாகங்கள் மலிவு, கூலிதான் அதிகம், அதையும் நீங்களே செய்தால் மிச்சம். மோட்டாரோ கன்ட்ரோல் போர்டோ போய், மெஷினுக்கும் பத்துப் பன்னிரண்டு வயது தாண்டியிருந்தால் விட்டுவிடலாம். திருகும் குமிழ் மட்டும் உள்ள பழைய ட்ரையரை நான் அவ்வளவு சீக்கிரம் கைவிட மாட்டேன், அதில் கெட்டுப்போகப் போர்டே கிடையாது.

ஊருக்கே திரும்பிப் போகிறோம். கன்டெய்னரில் இந்த ட்ரையரையும் போட்டுவிடலாமா?

இதுவும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நம் ஊரில் 230 வோல்ட் இருக்கிறது, இங்கே 240, கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். எலிமென்ட்டுக்கு ஒன்றுதான். மோட்டாருக்கு இல்லை, அதற்கு 120 வோல்ட் வேண்டும், 60 ஹெர்ட்ஸ் வேண்டும், அங்கே இருப்பது 50. இரண்டு 120-ஆகப் பிரியும் கம்பியும் அங்கே கிடையாது. விற்றுவிட்டுப் போங்கள், வாங்குகிறவரிடம் குழாயை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.